முதலில் கழுத்து

சலூன்காரர்: …அதிசயமா இருக்கே! வீட்டுலதானே ஷேவிங் பண்ணிக்குவீங்க, தலைவரே?

தலைவர்: இன்னிக்குக் கை கொஞ்சம் ஆடுது. சாயங்காலம் மேடையில பேசணும்ல…

சலூன்காரர்: மைக்ல கூவிக்கிட்டே போறாங்க. நம்ம தெருவுல ஒளிஞ்சிருக்கற எதிரி நாட்டு ஆளைக் கைகாட்டப் போறீங்களாமே?

தலைவர்: பின்னே? எல்லையில நம்ம பசங்க குண்டடி படறாங்க. இங்க ஒருத்தன் நம்மாளு மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு…

சலூன்காரர்: விடவே கூடாது. …யாரு அது?

தலைவர்: மேடையில தெரியும்.

சலூன்காரர்: எனக்கு மட்டும், காதோட…

தலைவர்: யோவ், தண்ணியை சட்டைக்குள்ள ஊத்தறே!

சலூன்காரர்: கை தவறிடுச்சு. நான் தினமும் கொடியைக் கும்பிட்டுட்டுத்தான் கடையைத் திறக்கறேன், தலைவரே.

தலைவர்: நான் கொடியைப் போர்த்திக்கிட்டே தூங்கறேன்.

சலூன்காரர்: அவங்க நாட்டு சீப்பை எல்லாம் குப்பையில போட்டுட்டேன்.

தலைவர்: அவங்க நாட்டைப் பார்த்த ஜன்னலை நான் செங்கல் வச்சே அடைச்சுட்டேன். காத்தில்லாம வீட்டுக்காரி திட்டறா.

சலூன்காரர்: சோப்பு போட்டாச்சு. இருங்க, கத்தியைத் தீட்டிட்டு வர்றேன்… என்னது, கழுத்தை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?

தலைவர்: முதல்ல கழுத்துதானே?

சலூன்காரர்: இங்க முதல்ல கன்னம். கழுத்துலேர்ந்து ஆரம்பிக்கறது அவங்க வழக்கமாச்சே…

தலைவர்: அது உனக்கு எப்படித் தெரியும்?

சலூன்காரர்: அசையாதீங்க, கத்தி பட்டுடும். …எங்கப்பா அங்கதான் கடை வச்சிருக்காரு. எல்லைப் பாலம் தாண்டி, மணிக்கூண்டுக்கு எதிர்ல. நீங்க கைகாட்டப் போறது என்னைத்தானே?

தலைவர்: ஆமா. கூட்டத்துக்கு யாராவது ஒருத்தன் வேணுமேன்னு சும்மா உன்னை நினைச்சேன். நெசமாவே நீதான்னு நான் என்னத்தைக் கண்டேன்!

சலூன்காரர்: அடப்பாவி மனுஷா! சொல்லுங்க, போங்க. கழுத்தை முதல்ல நீட்டினது யாருன்னு நானும் சொல்றேன்.

தலைவர்: தொண்டை கட்டிக்கிச்சுன்னு மேடையை விட்டு இறங்கிடறேன்யா. …அப்பா நல்லா இருக்காரா?

சலூன்காரர்: பாலத்தை அடைச்சதுலேர்ந்து ஒரு சேதியும் இல்லை. ராத்திரியெல்லாம் பயமா இருக்கு. ஆமா, எங்கப்பாவைப் பத்தி உங்களுக்கென்ன?

தலைவர்: எனக்கு மீசை முளைச்சப்போ முதல் ஷேவிங் பண்ணிவிட்டதே அவருதான்யா… ஆளு வருது பாரு, கன்னத்துலேர்ந்தே ஆரம்பி.