அரை மாத்திரை

'வாழ்க்கை' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் குறைவு, ஐயா. நடுவில் இருக்கும் க் என்ற ஒற்றைப் பெரும்பாலானவர்கள் விழுங்கிவிடுவார்கள். அச்சகம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்.

என் தங்கைதான் எங்களுக்குப் பிழை பார்ப்பாள். பயந்த சுபாவம். ஏதாவது தப்பிப் போய்விடுமோ என்று படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பாள். சரியாகச் சாப்பிட மாட்டாள், தூங்க மாட்டாள். சில நாள் காரணமே இல்லாமல் மேசையில் தலை சாய்த்து அழுதுகொண்டிருப்பாள். எங்கள் புத்தகங்களில் பிழையே இருக்காது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆளுக்கொரு வரம் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்களிடம் புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டர்தான் கெடுத்தார். "முதலாளி, தங்கச்சி உருகிப் போகுது. ஒரு டாக்டர்கிட்ட காட்டினா உங்க அச்சகம் என்ன இடிஞ்சா விழும்?" என்று நச்சரித்து, கடைசியில் அவரே அழைத்துப் போனார். மனச்சோர்வு, பதற்றம் என்றார்களாம். தினமும் அரை மாத்திரை. அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் வெட்டித் தரும் வேலை எனக்கு. காகிதம் வெட்டிப் பழகிய கை, சரிபாதியாக விழும்.

சில வாரங்களில் ஆளே மாறிவிட்டாள். தூங்கினாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பைண்டரின் தொப்பையைக் கிண்டல் செய்தாள். சிரிப்பு அச்சகத்துக்கு ஆகாது, ஐயா. அடுத்த புத்தகம் அட்டையிலேயே 'இனிய வாழ்கை' என்று வெளிவந்தது. அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"போனா போகுதுண்ணே. ஒத்துக்கு அரை மாத்திரைதானே, பள்ளிக்கூடத்துல படிச்சோமே. இதுக்காக யாராவது சாவாங்களா?"

இலக்கணப்படி அவள் சொன்னது சரிதான். ஒற்றை உச்சரிக்கும் நேரம் அரை மாத்திரை. ஆனால் இந்த அரை மாத்திரை அவள் வயிற்றுக்குள் போனதால்தான் அந்த அரை மாத்திரை அட்டையிலிருந்து காணாமல் போனது என்று எனக்குப் பட்டது.

அன்று முதல் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். எலும்புக்கு நல்லது. கெடுதல் நினைக்கிறவன் எலும்பைப் பற்றியெல்லாம் யோசிப்பானா?

மெல்ல மெல்லப் பழைய தங்கை திரும்பி வந்தாள். மூன்று புத்தகங்கள், மருந்துக்குக்கூடப் பிழை இல்லை. பிறகு சரியான சொற்களையும் சந்தேகப்பட்டாள். தன் பெயரையே எழுதிக் காட்டி, சரிதானா என்று கேட்டாள். ஒருநாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை கேக்க மாட்டேங்குதுண்ணே. டாக்டரைக் கேட்டுட்டு முழுசாப் போட்டுக்கட்டுமா?"

டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? நானே முழுதாகக் கொடுத்தேன். கொடுப்பதில் நான் என்றுமே கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

கதவை உடைத்தது பைண்டர். நான் உள்ளே போனபோது அவளுக்கு உயிர் இல்லை. மூக்குக்கண்ணாடியை மடித்துப் புரூஃபின் மேல் வைத்திருந்தாள். கடைசிப் பக்கம்வரை திருத்தி முடித்திருந்தாள். அப்படி ஒரு கடமையுணர்வு.

என் இழுப்பறையில் நீங்கள் எடுத்த மாத்திரை அட்டைகள் அவளுடையவைதான். மாற்றியது நான்தான். அவள் சட்டையைப் பிடித்துக் கேட்ட அன்றும் தெரிந்தேதான் கொடுத்தேன்.

நான் சொன்னதை நீங்கள் வாக்குமூலமாகத் தட்டச்சு செய்திருப்பதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடுகிறேன். முதல் பக்கத்தில் 'அவளது வாழ்கை' என்று அடித்திருக்கிறீர்கள். அந்த க்-ஐ மட்டும் சேர்த்துவிடுங்கள். மற்றபடி இதில் என் கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.