யட்டவத்த கடைசி பஸ்

கண்டிக்குப் போகும் காலை பஸ் உக்குவளையில் நின்றபோது முன் இருக்கையில் ஒரு பெண் சொன்னார்:

“பீடத்தோட முதல் முன்னுரிமை, புள்ளைங்க யட்டவத்தைக்குப் போற கடைசி பஸ்ஸத் தவற விடக்கூடாது.”

அவர் பல்கலைக்கழகப் பீடாதிபதி. பக்கத்தில் துறைத் தலைவர், மடியில் பீடத்தின் ஆண்டு முன்னுரிமைப் பட்டியல்.

“மேடம், போன வருஷ லிஸ்ட்லயே வருஷத்த மாத்தி அனுப்பிடலாமே?”

“வருஷா வருஷம் அதத்தானே செய்றோம், சேர். தோட்டத்துப் புள்ளைங்க ஏன் சாயங்கால லேப்ல பாதியில எழும்பிப் போறாங்க?”

“ஆர்வமில்லைன்னு நெனச்சேன்.”

“நானுந்தான். நேத்து கார் கராஜ்ல. அவங்களோட பஸ்லதான் வீட்டுக்கு வந்தேன். மாத்தளையில இறங்கினதும் ஓடுறாங்க. யட்டவத்த பஸ்ஸ விட்டா அன்னைக்கு வேற இல்ல.”

“அப்ப ஆராய்ச்சி, தரவரிசை?”

“ரெண்டாவது, மூணாவது. திங்கட்கிழமையிலருந்து லேப் காலையில.”

“பஸ்ஸுன்னு எழுதினா உபவேந்தர் சிரிப்பாரே.”

“சிரிக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் பஸ்ல வரச் சொல்லுவோம்.”

துறைத் தலைவர் பேனாவைத் திறந்து, ‘ஆராய்ச்சி’க்கு மேலே இடம் தேடி எழுதத் தொடங்கினார்.