ஓரத்து எழுத்தை நம்பிக் கொளுத்தப் பார்த்தேன்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, முன்வரிசையை முழுமதியாக்கும் பெரியோர்களே, ஆயிரம் வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வாசலையே பார்த்தபடி கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்!

கிழிந்த காகிதத்தை ஒட்டலாம். உடைந்த கல்லைப் பொருத்தலாம். கருகிய நெகட்டிவை என்ன செய்வீர்கள்? போனது போனதுதான் ஐயா!

புகைப்படக் காப்பகத்து நெகட்டிவ் அறை முப்பது ஆண்டுகளாக என் பொறுப்பு. பழைய படச்சுருளில் இரண்டு வகை. நைட்ரேட் என்பது தீப்பெட்டிக்கு அண்ணன், பற்றினால் அணையாது. அசிடேட் அப்படி எரியாது. கெடும்போது வினிகர் வாடை வீசும். சுருளின் ஓரத்தில் பொடி எழுத்தில் வகை போட்டிருக்கும். படித்தால் போதாதா? போதும் என்றுதான் நினைத்தேன். மண்டைக்கனம்!

சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் வந்தார். "நான் பொறந்த ஒன்பதாம் நாள் எங்கம்மா போயிட்டாங்க சார். இருபத்திரண்டு வயசு. வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. அவங்க வேலை பார்த்த நூற்பாலைப் படம் உங்ககிட்ட இருக்காமே?"

இருந்தது. எங்கே? ஓரத்தில் 'நைட்ரேட்' என்று கண்டு, அழிக்கச் சொல்லி நானே கையெழுத்திட்ட பெட்டியில்! கொளுத்த எடுத்துப்போகும் வண்டி வாசலில் நின்றது.

பெட்டியை அடுக்கிய ஊழியப் பெண், தங்கச்சி மாதிரி, மறித்தாள். "அண்ணே, இதுல வினிகர் நாத்தம் அடிக்குது. நைட்ரேட்டுல ஏன் அது வரணும்?"

"எழுதியிருக்கே, கண்ணு தெரியல?" என்று எரிந்து விழுந்தேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் கேட்டேன்!

"எழுத்து தெரியுதுண்ணே. லென்ஸ் வச்சுப் பாத்தீங்களா?"

பார்த்தேன். 'நைட்ரேட்' மங்கலாக இருந்தது. பக்கத்திலேயே பளிச்சென்று 'சேஃப்டி'! பாதுகாப்பான அசிடேட் சுருள் என்று பொருள். எரியும் மூலத்தை யாரோ ஒரு புண்ணியவான் எரியாத சுருளில் நகலெடுத்திருக்கிறார். மூலத்தின் ஓர எழுத்தும் கூடவே பதிந்துவிட்டது. காப்பாற்ற எடுத்த நகலைக் கொளுத்தவா காப்பகம்? வெட்கத்தில் கூசிப்போனேன். அன்றே வண்டியைத் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து கண் பார்க்காததை, மூக்கு முகராததை, லென்ஸ் சோதிக்காததை அழிக்க என் கை கையெழுத்திடாது. உங்கள் கையும் இடக்கூடாது!

உறையில் பெயர்கள் இருந்தன. இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது, நர்ஸின் அம்மா. விளக்குப் பலகையில் வைத்துக் காட்டினேன். நெகட்டிவில் கருங்கூந்தல் வெளுத்துத்தானே தெரியும்?

"இருங்கம்மா, சரியான படமா போட்டுத் தர்றேன்" என்றேன்.

அந்த நர்ஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரமில்ல சார். எங்கம்மாவுக்குத் தலை நரைச்சிருக்கு. கொஞ்ச நேரம் பாத்துக்கறேனே."

என் பிழையைப் பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி பாராட்டி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!