பொத்தானின் ஜெப அட்டை

குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதலில் கையசைவு, அப்புறம் மெட்டு, கடைசியில்தான் வார்த்தை. வார்த்தையை முதலிலேயே கொடுத்துவிட்டால் பின்வரிசையில் இருப்பவர்கள் வாயை மட்டும் அசைத்து ஏமாற்றிவிடுவார்கள். பதினாறு வருடம் நம் சபையின் ஞாயிறு பள்ளியை அப்படித்தான் நடத்தினேன். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் எடுத்தபோது என்னைச் சேர்த்ததும் அந்தப் பாட்டுக்காகத்தான். மற்றபடி நான் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "டாக்டர் இன்னைக்கு இல்லைங்க" என்று முகம் கோணாமல் சொல்லி அனுப்புவது என் வேலை.

மூப்பர்கள் நீங்கள் மூன்று பேரும் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன். எங்கேயாவது வேகமாகப் போனால் மூப்பர் ஐயா கையைக் காட்டுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

வருடா வருடம் பள்ளி விடுமுறையில் எட்டுப் பேர் போவோம். ஒரே மாதிரிப் பச்சை டீ-ஷர்ட், மூன்று வாரம். அந்தக் குழந்தைகள் இல்லம் இரண்டு மாடிக் கட்டடம். பின்னால் ஒரு சின்ன ஜெபக்கூடம், அதற்கும் பின்னால் ஐந்து மண்மேடுகள். முதல் வருடம் எனக்குக் கொடுத்த வேலை ஜெப அட்டை எழுதுவது. ஒரு குழந்தைக்கு ஓர் அட்டை. படம், பெயர், வயது, தாய், தந்தை, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கட்டங்கள் இருக்கும். ஊருக்குக் கொண்டுவந்து சபையின் முன்மேசையில் பரப்பிவைத்தால் ஆளுக்கொன்றாக எடுத்துப்போய் ஒரு வருடம் ஜெபிப்பார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல.

மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தொரு அட்டை முடிக்க வேண்டும். இருபத்தாறாவதாக வந்தவள் நாலரை வயதுப் பெண். சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே நின்றாள். எங்கள் குழுவில் அவளுக்குப் பொத்தான் என்றே பேர் விழுந்துவிட்டது. அம்மா எங்கே என்று கேட்டேன். வாயில் இருந்த பொத்தானை எடுக்கவே இல்லை. பெரியம்மா ஒருத்தி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள், மற்றது தெரியாது என்றார் இல்லத்தின் பொறுப்பாளர். தாய் என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதியிருக்கலாம். ஆனால் அப்படி எழுதிய அட்டைகள் கடைசிவரை மேசையிலேயே கிடப்பதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதனால் "இறந்துவிட்டார்" என்று எழுதினேன். பிள்ளைக்கு நாலு பேர் ஜெபிக்கட்டுமே என்றுதான்.

நாலு பேர் அல்ல, சபையே ஜெபித்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை தோறும் மிட்டாயை விட்டுக்கொடுத்து, "பொத்தானுக்கு நீங்களே அம்மாவா இருங்க ஆண்டவரே" என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவர், என்னைத் தேடிவந்து "நம்ம பொத்தான் எப்படிம்மா இருக்கா?" என்று விசாரித்தார். பதினாறு வருடத்தில் என்னை ஒருமுறைகூட மைக் முன்னால் நிற்கச் சொன்னதில்லை. அந்த வருடம் மட்டும் பொத்தானுக்கு ஆண்டவர் செய்ததை ஏழு முறை சாட்சி சொன்னேன். எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வருடம் அந்தப் பெண் வந்தாள். காலை பத்து மணி இருக்கும். பொறுப்பாளர் மூன்று நாள் வேலையாக நகரத்துக்குப் போயிருந்தார். நம் ஆட்கள் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். வாசல் மேசையில் நான் மட்டும். அதற்குள் அந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. அவள் சொன்னதை இங்கே நம் பேச்சில் சொல்கிறேன்.

"அக்கா, எம் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

துறைமுகத்தில் மீன் பதனிடும் ஆலையில் மூன்று வருட ஒப்பந்தமாம். நடுவில் விடமாட்டார்களாம். பிள்ளையைத் தன் அக்காவிடம் விட்டுப் போயிருக்கிறாள், அக்காவால் முடியாமல் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணியவள்போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஒரு படத்தை நீட்டினாள். படத்தில் இருந்த பிள்ளையின் வாயில் பொத்தான் இருந்தது.

கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மாடியில் பொத்தான் வெள்ளை உடை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை ஆறு மணிக்கு நம் சபையின் பெரிய திரையில் அவள் நேரலையில் முதன்முதலாகத் தோன்ற வேண்டும். நானூறு பேர் வருவதாக இருந்தது. "அம்மா இல்லாத எனக்கு ஆண்டவரே அம்மா" என்ற வரியை நம் மொழியிலேயே சொல்ல ஒரு வாரமாகப் பழக்கியிருந்தேன். தப்பில்லாமல் சொன்னாள். நான் பயந்துவிட்டேன், அது உண்மை. ஆண்டவருக்கு அல்ல, அந்த ஆறு மணிக்கு.

திரும்பி வந்து, போன வருடம் காய்ச்சலில் பிள்ளை போய்விட்டது என்று சொன்னேன். மருத்துவமனை மேசையில் சொல்லும் அதே குரல்தான் வந்தது. அவள் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டா."

"கூட யாரு இருந்தா?"

"நான் இருந்தேன்" என்றேன். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த ஐந்து மேடுகளில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது. இல்லத்துக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்துபோன ஒரு குழந்தை, யாரும் தேடி வராதது. அதைக் காட்டினேன். அந்தக் குழந்தைக்கும் அழ ஓர் ஆள் கிடைத்ததே என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவளுடைய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, பொத்தானுக்குச் சிறியதாகிப்போன ஒரு பழைய சட்டையை எடுத்துவந்து கொடுத்தேன். அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அது உண்மையிலேயே அவள் பிள்ளையின் சட்டைதான். அதில் நான் பொய் சொல்லவில்லை.

மாலை நிகழ்ச்சி நன்றாக நடந்தது. நீங்களும் முன்வரிசையில் அழுதீர்கள் ஐயா.

அவள் ஊர் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கத்திலேயே ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டு, தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வந்து மேட்டில் புல் பிடுங்கினாள். பெயரில்லாத அந்தக் குழந்தையின் தாய் என்று, திரும்பி வந்த பொறுப்பாளர் உட்பட எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். சமையல்கார அக்கா பாவம் பார்த்து அவளுக்குத் தேநீர் கொடுப்பார். நானும் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். பிள்ளைகளுக்கு வகுப்பை மேல்மாடிக்கு மாற்றிவிட்டேன். அவள் போகும்வரை கீழ்க்கதவைத் திறக்கவிடமாட்டேன்.

மாடி ஜன்னலை நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் பொத்தான் அங்கே நின்று எட்டிப் பார்த்தாள். மூன்றரை வயதில் பிரிந்தவளுக்கு உயரத்திலிருந்து என்ன தெரியும்?

"டீச்சர், அந்தம்மா ஏன் அழுவுறாங்க?"

"அவங்க பாப்பா செத்துப்போச்சுடா. நீ அவங்களுக்காக ஜெபம் பண்ணு."

என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமல் விழித்தாள். வார்த்தையை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து நாங்கள் கிளம்பும்வரை ஒன்பது நாளும் ஜன்னலில் கைகூப்பி நின்று, "அந்த அம்மாவுக்கு அவங்க பாப்பாவத் திருப்பிக் கொடுங்க ஆண்டவரே" என்று கேட்டாள். கீழே அந்தப் பெண் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருப்பாள். நான் பொத்தானுக்குப் பின்னால் நின்று அதைக் கைப்பேசியில் படம் பிடித்து இங்கே அனுப்பினேன். மற்றவர்களுக்காக ஜெபிக்கும் பிள்ளை என்று அதைப் பார்த்த எல்லாரும் மெச்சினார்கள்.

அந்த ஒன்பது நாளில் உனக்கு ஒருமுறைகூட மனம் உறுத்தவில்லையா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். இரவில் நன்றாகத் தூங்கினேன், வேளைக்குச் சாப்பிட்டேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை படி இறங்கினேன். பாதிப் படியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இரண்டு வருடம் மிட்டாய் தின்னாமல் தப்பான விஷயத்துக்கு ஜெபித்தீர்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மறுபடி மேலே ஏறிவிட்டேன்.

நான் ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவ்வளவு நாளும் காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, அவள் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். போன வாரம் தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பலகை செய்து, அதில் பிள்ளையின் பெயரை எழுதவைத்திருக்கிறாள். தச்சர் அதை மேட்டில் நட்ட நேரம் பள்ளி விடும் நேரம். ஏழு வயதில் பொத்தானுக்கு வாசிக்க வரும். பலகையின் முன் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது என் பேரு" என்றாளாம்.

மிச்சத்தைச் சமையல்கார அக்கா தொலைபேசியில் சொன்னார். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லையாம். பொத்தான் அவளிடம் போகவும் இல்லையாம். அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்போ செத்துப்போனது நானா?" என்று கேட்டாளாம். அம்மாவோடு அனுப்பிவைத்த பிறகும் தினமும் அதையே கேட்கிறாளாம்.

ஆமாம், நான்தான் செய்தேன். அட்டையில் எழுதியது நான், வாசலில் சொன்னது நான், மேட்டைக் காட்டியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொத்தான் ஒன்பது நாள் கேட்டாள், அந்தத் தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சாட்சியாகச் சொல்வீர்கள் அல்லவா, அந்த ஜெபத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.