முக்கொம்பரும் அடைக்கச் சொன்ன ஓட்டையும்

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் அருங்காட்சியகத் தலைவர் அவர்களே, அறிவால் மூத்த ஆன்றோர்களே, பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் பாதி விழாவைத் தவறவிட்ட தாய்மார்களே, என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் திரைக்குள் நிற்பவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பேரன்பு நெஞ்சங்களே, புதைபடிவ எலும்பு துடைத்துக் காய்த்துப்போன இந்தக் கைகளால் உங்களை வணங்குகிறேன்.

திரைக்குள் நிற்பவர் யார்? மூக்கின் மேல் ஒரு கொம்பு, புருவத்துக்கு ஒன்றாக இரண்டு கொம்பு, கழுத்துக்குப் பின்னே விசிறியாய் விரிந்த எலும்புக் கவசம். இத்தனை ஆயுதம் தாங்கிய டைனோசர் எதைத் தின்றார்? தழை. கிளி மூக்கு போன்ற வாயால் கிள்ளி, கத்தரிக்கோல் போன்ற பற்களால் நறுக்கி, வெறும் தழை. முன்வரிசைப் பாப்பாவின் முகம் வாடுகிறது. பொறு கண்ணு, சண்டை வருகிறது.

அந்தக் கவசத்தில் ஓர் ஓட்டை. போன வாரம் நம் தலைவர் பட்டறைக்கு வந்தார், பார்த்தார், பதறினார். "ஏம்மா, திறப்பு விழாவுக்கு இப்படிப் பொத்தல் மூஞ்சியோடவா நிறுத்துறது? அடைச்சிடுங்க" என்றார். ஓட்டையில்லாத முகத்தோடு சுவரொட்டியும் அச்சாகி வாசலில் ஒட்டியாயிற்று.

அடைத்தவர் யார்? சாந்து பூசுவதில் சூரர், என் வீட்டுக்காரர். பூசிய இடமே தெரியாமல் பூசினார். நான் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"

"பூசறதுக்கு முன்னாடி விளிம்பைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"தொட்டேன். வழவழன்னு இருந்துச்சு."

"மண்ணுக்குள்ள உடைஞ்சிருந்தா கூராத்தானே இருக்கும்? உயிரோட இருக்கறப்ப குத்து வாங்கி, புது எலும்பு வளந்து ஆறின காயம் அது. அது பொழைச்சதையே பூசி மூடிட்டீங்க."

மனிதர் உளியை எடுத்தார். தன் கைவேலையைத் தானே சுரண்டி எடுத்தார். பிறகுதான் பயம் வந்தது.

"தலைவர் கேட்டா வேலை போயிடுமே?"

"நான் மேடையில சொல்லிக்கறேன். இத்தனை பேர் முன்னாடி திட்ட மாட்டாரு."

ஆகவே, தலைவர் அவர்களே, தாங்கள் அடைக்கச் சொன்ன ஓட்டை அடைக்கப்படவில்லை. சிரிக்காதீர்கள் பெரியோர்களே, இது எங்கள் இருவர் பிழைப்பு.

குத்தியது யார்? இவர் இனத்து இன்னொரு முக்கொம்பராக இருக்கலாம். எதற்காகக் குத்தினார்? மேய்ச்சலுக்கா, துணைக்கா? அறியேன். ஆனால் குத்துப்பட்டவர் விழவில்லை என்று அறிவேன். வலியோடு எழுந்தார், வலியோடு மேய்ந்தார், எலும்பு வளருமட்டும் வாழ்ந்தார். அழகு வேண்டுமா? பொம்மை செய்து தருகிறோம். இவர் பொம்மையா? இல்லை ஐயா, வாழ்ந்தவர். வாழ்ந்தவர் முகத்தில் வாழ்க்கை தெரியத்தான் தெரியும்.

தலைவர் எழுகிறார். திரையை அவரே விலக்குகிறார், விளிம்பைத் தடவுகிறார், நெடுநேரம் தடவுகிறார். என்ன சொல்கிறீர்கள் ஐயா, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"வாசல்ல இருக்கற சுவரொட்டியக் கிழிச்சிடச் சொல்லும்மா."

இப்போது தட்டுங்கள் கைகளை. தட்டிவிட்டு வரிசையாக வாருங்கள், பாப்பா முதலில். மெதுவாகத் தொடலாம். கேட்ட காதுகளுக்கு நன்றி, தொட வரும் விரல்களுக்கு வணக்கம்.