சுண்டுவோட கையளவு

சின்னக் கைதாம்மா. நீங்க நெனைக்கிறத விடச் சின்னது. ஆளப் பாத்தா தெரியாது, நல்ல உயரம், என் தோளுக்கு மேல வருவா. கை மட்டும் பாதியில நின்னுபோச்சு. குளிருக்குக் கையுறை வாங்கப் போனோம்னா, கடைக்காரர் எங்கள நேரா பத்து வயசுப் பிள்ளைங்க அலமாரிப் பக்கம் அனுப்பிடுவாரு. அவளும் சிரிச்சுக்கிட்டே போவா, இங்கதாம்ப்பா நல்ல நல்ல கலரா வச்சிருக்காங்கன்னு.

சுண்டுன்னு கூப்பிடுறது அதனாலதான். சுண்டுவிரல் இருக்குல்ல, அந்தச் சுண்டு. உங்க ஃபைல்ல இருக்கிற பேரு அவ அம்மா வச்சது. அத டீச்சருங்க கூப்பிட்டிருக்காங்க, இப்ப நீங்க கூப்பிடுறீங்க.

இல்லம்மா, தண்ணி வேணாம். இப்பத்தான் குடிச்சேன். நாலு தாள்ல மளமளன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்ல, இந்த அஞ்சாவதுக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்க. நீங்க கேட்டதுக்கு ஒத்த வரியில பதில் சொல்லலாம்தான். வாயில வரல. அதான் ஊரச் சுத்திக்கிட்டிருக்கேன். அவ அம்மா உள்ள அவ பக்கத்துலயே உக்காந்திருக்கா. நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க, எனக்குக் காது சரியா கேக்கலன்னுட்டா. காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் அவளுக்கு.

நான் மரவேலை செய்றவன்மா. கதவு, கட்டில், சமையலறை அலமாரி, இந்த மாதிரி. இவ பதினொரு வயசுல கிட்டார் கத்துக்கணும்னு நின்னா. சரின்னு ஒரு மாஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு இவ கைய விரிக்கச் சொல்லி, தன் கையோட சேத்து வச்சுப் பாத்தாரு. இந்தக் கைக்கு வராதுங்க, கிட்டார் கழுத்துல விரல் நாலு கட்டம் எட்டணும், ஆள்காட்டி விரல ஆறு கம்பிக்கும் குறுக்கப் படுக்கப் போட்டு அழுத்தணும், இவளுக்குப் பாதி தூரம்தான் போகும், பாட்டு கீட்டு ஏதாவது சேத்துவிடுங்கன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, குத்தம் சொல்ல முடியாது. இவ வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல முன் சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு விரல விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே வந்தா.

எனக்கு வேற என்ன புத்தி போகும், சொல்லுங்க. ஆளுக்கு ஏத்த மாதிரி சாமான அறுத்துக் கொடுக்கிறதுதானே என் பொழப்பு. குட்டையா இருக்கிற அம்மாவுக்கு அடுப்பு மேடைய ரெண்டு அங்குலம் இறக்குவேன். கை எட்டலன்னா கிட்டாரச் சின்னதாக்கிட்டாப் போச்சு, இதுக்குப் போயி என்ன மாஸ்டருன்னு, ஒரு பழைய கிட்டார் வாங்கிட்டு வந்தேன். ஒட்டுப்பலகைத் துண்டுல அவ கைய வச்சு, சுத்தி பென்சிலால வரைஞ்சு அளவெடுத்தேன். கிட்டாரோட கழுத்தப் பட்டறை மேசையில இறுக்கிப் பூட்டி, பின்பக்கம் இழைப்புளி போட்டேன் பாருங்க, பட்டு மாதிரி வந்துச்சு. நடுவுல கிறீச்சுன்னு ஒரு சத்தம். உள்ள ஒரு இரும்புத் தண்டு ஓடுதாம், கழுத்து வளையாம இருக்கிறதுக்கு. எனக்கென்ன தெரியும். மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சு, பாலிஷ் போட்டு, இந்தாடின்னு கொடுத்துட்டேன்.

அந்த ஆறு கம்பியும் சேந்து ஒரு ஆளோட எடைக்கு இழுக்குமாம்மா. அலமாரி இழுக்காதே, நான் எங்க கண்டேன். மறுநாள் காலையில பாத்தா கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல பென்சில விடலாம். இருபது வருஷமா மரத்தோட கிடக்கிறவன், ஒரு கிட்டாரக் கொன்னு வச்சிருக்கேன். அழப்போறான்னு நெனச்சேன். அப்பா, இதுல அம்பு விடலாமான்னு கேட்டா.

ஆமாம்மா, சிரிங்க, பரவால்ல. சிரிப்பு வர்ற விஷயம்தான்.

அப்புறம் என்ன, எல்லாரும் வாசிக்கிற அதே அளவு கிட்டார்லயே உக்காந்தா. கை அளவு இல்லப்பா விஷயம், கட்டைவிரல் எங்க நிக்குதுங்கறதுதான்னு ஒருநாள் வந்து சொன்னா. கட்டைவிரல் மேல எட்டிப் பாக்கக் கூடாதாம். கழுத்துக்குப் பின்னால, நடுவுல ஊனிக்கிட்டு, மணிக்கட்ட லேசா முன்ன தள்ளி, முழங்கைய உடம்போட சேத்தா விரல் இன்னொரு கட்டம் கூடப் போகுதாம். நீங்களும் அந்தப் பேனாவ வச்சுப் பண்ணிப் பாருங்களேன். ம், அப்படித்தான். தெரியுதா, விரல் விரியுது. அப்படியும் எட்டலன்னா அதே சுரம் வேற கம்பியில எங்கேயாவது ஒளிஞ்சிருக்கும், தேடிப் பிடிச்சுக்குவா. பெரிய கைக்காரனுக்கு அந்தத் தேடலே தேவப்படாது. அதனால அவனுக்கு ஒரு வழி தெரியும், எனக்கு மூணு வழி தெரியும்னு வாய் பேசுவா.

நாலு வருஷமா வீட்டு முன்னறையில பாடம் எடுக்கிறா. கிரேன் ஓட்டுறவர் ஒருத்தர் வருவாரு. விரல் ஒவ்வொண்ணும் கேரட்டு கணக்கா இருக்கும். ஒரு கம்பிய அமுக்கினா பக்கத்துக் கம்பியும் சேந்து அமுங்கிடும், டொக்கு டொக்குன்னு கட்டை தட்டுற மாதிரி கேக்கும். என் கைக்கு இது ஆகாது டீச்சர்னு முதல் நாளே எந்திரிச்சுட்டாரு. இவ அவர் கைப் பக்கத்துல தன் கைய வச்சுக் காட்டினா. அந்த மனுஷன் மறுபடி உக்காந்துட்டாரு. நகத்த ஒட்ட வெட்டிட்டு வாங்க, விரல படுக்க விடாம நுனிய நேரா நிறுத்துங்கன்னு சொல்லிச் சொல்லி, ஆறே மாசத்துல ஒரு முழுப் பாட்டு வாசிக்க வச்சுட்டா. வீட்டுல போய் வாசிச்சுக் காட்டியிருக்காரு. சம்சாரம் கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டாங்களாம்.

எனக்கும் சொல்லிக்கொடுத்துப் பாத்தா. அப்பா, அது கதவுச் சட்டம் இல்ல, மெதுவான்னு கைய எடுத்து எடுத்து வைப்பா. ரெண்டு நாள் போனேன், அப்புறம் வேலை இருக்குன்னு நழுவிட்டேன். வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல.

முந்தாநாளும் கிளாஸ்தான். தல வலிக்குது, அஞ்சு நிமிஷம் வாசிச்சுக்கிட்டிருங்கன்னு கிரேன்காரர்கிட்ட சொல்லிட்டு சுவத்துல சாஞ்சிருக்கா. அவ்வளவுதான். அவருதான் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாரு. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சுடுச்சுன்னாரு உங்க டாக்டர். நேத்து ஒரு டெஸ்ட், இன்னிக்குக் காலையில ஒரு டெஸ்ட். மூளை முழுசாப் போயிடுச்சு, மிஷின்தான் மூச்சு விடுதுன்னாரு. நான் சரிங்கன்னேன். இன்னிக்கு மர லாரி வராதுன்னு சொன்னா எப்படி சரிங்கன்னு சொல்லுவேனோ அப்படிச் சொன்னேன். எனக்கு இன்னும் அழுகை வரலம்மா. எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பல்லுப் பிடுங்க ஊசி போட்டா வாய் மரத்துப்போகும்ல, அந்த மாதிரி இருக்கு. தொட்டா தெரியுது. வலிக்கத்தான் மாட்டேங்குது.

நீங்க அவசரப்படுத்தலம்மா, எனக்குத் தெரியுது. உங்களுக்கும் நேரம்னு ஒண்ணு இருக்குல்ல.

கிட்னி, ஈரல், இருதயம், நுரையீரல். நாலுக்கும் யோசிக்காமப் போட்டேன். ஏன்னு கேளுங்க. அதெல்லாம் உள்ள இருக்கு, நான் பாத்ததே இல்ல. இருந்தா இருக்கட்டும், எடுத்தா எடுக்கட்டும். அஞ்சாவது தாள்ல ரெண்டு கையும்னு எழுதியிருந்துச்சா, பேனா ஓடல. கைய எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க முடியும்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேரு ஊரு சொல்லக் கூடாதுன்னீங்க, சரி. ஒரு பொண்ணு, கை ரெண்டும் போனவ, ரெண்டு தடவ கை கிடைச்சும் பெருசா இருந்ததால ஒத்துவராமத் திரும்பிப் போனவன்னு சொன்னீங்கல்ல. அது போதும்.

பதினஞ்சே முக்கால் சென்டிமீட்டர். மணிக்கட்டு ரேகையிலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும். எழுதிக்கோங்க. தோராயமா சொல்லலம்மா, காலையில உள்ள விட்டப்பவே அளந்துட்டேன். டேப் எப்பவும் சட்டைப் பையில கிடக்கும். அவ அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.

அவள எங்ககிட்ட திருப்பிக் கொடுக்கும்போது வேற கை செஞ்சு மாட்டித் தருவோம்னீங்களே, அது ரெடிமேடா வர்றதா? எல்லாருக்கும் ஒரே அளவா? பெரிய கையா மாட்டிடாதீங்கம்மா. அவ அம்மா கண்டுபிடிச்சுடுவா.

எங்க போடணும், இங்கயா? ரெண்டு இடத்துலயா?

ம். இன்னொண்ணும்மா. இடது கையில நாலு விரல் நுனியும் காய்ச்சுப்போயிருக்கும், தொட்டா பலகை மாதிரி இருக்கும். புண்ணுன்னு நெனச்சு யாரும் மருந்து போட வேணாம். அந்தப் பொண்ணுகிட்டயும் மறக்காமச் சொல்லிடுங்க. வாசிக்காம விட்டா ரெண்டு மூணு மாசத்துல தானா உரிஞ்சு வந்துடும். பயப்பட வேணாம்னு சொல்லுங்க. அடியில சாதாரணத் தோல்தான் இருக்கும்.