வண்டி குடித்த காற்று

மே மாதத்தில் உங்கள் ஜீப் மேடு ஏறும்போது கொஞ்சம் முனகும், மேடம். நீங்களே கவனித்திருப்பீர்கள். அது வண்டியின் கோளாறு இல்லை. வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும். எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் அந்தக் காற்றில் சத்து குறைவு. டீசல் சரியாக எரியாது. மார்கழி விடியலில் அதே ஜீப் துள்ளிக்கொண்டு போகும். உங்கள் டிரைவரைக் கேட்டுப் பாருங்கள்.

என் பெயர் வளன். திண்டிவனத்தில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கெடார் தாண்டி நடந்த விபத்தில் இறந்துபோன இனியவன் என் தங்கை மெர்லினின் கணவன். விபத்து என்று எழுதி நீங்கள் முடித்துவிட்ட கேஸ் அது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

அப்பாவும் அம்மாவும் போனபோது மெர்லின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன், எங்கள் தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்று. இனியவன் ஒப்புக்கொண்டான். நல்லவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் மத்தியானச் சாப்பாட்டை அவள்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருந்தது.

“அண்ணா, ஓசூர்ல ஃபேனே போட வேணாமாம். நம்ம ஊரு மாதிரி வேவாதாம்,” என்றாள் மெர்லின். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

“அந்த ஊரு காத்துக்கு நம்ம வண்டி பறக்கும் மச்சான்,” என்றான் இனியவன்.

ஆமாம் என்றேன். அவன் சொன்னது சரிதான்.

அவனிடம் இருந்தது பழைய டர்போ டீசல் கார். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டைத் தணிப்பதற்கு முன்பக்கம் ரேடியேட்டர் போலவே ஒரு கூலர் இருக்கும். அவனுக்குப் பெரிய கூலராகப் பார்த்து வாங்கி மாட்டிக்கொடுத்தது நான்தான். அதற்குப் பிறகு லாரியைத் தாண்டுவது அவனுக்கு விளையாட்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிரே வண்டி வருவது தெரிந்தாலும் அழுத்துவான்; கச்சிதமாக உள்ளே வந்துவிடுவான். வண்டி எவ்வளவு இழுக்கும் என்று அவன் காலுக்குத் தெரியும்.

ஊரைக் காலிபண்ணும் முன் ஏசியைப் பார்த்துத் தரச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனான். ஏசியைச் சரிசெய்தேன். பிறகு, வெளிக்காற்றை இழுக்கும் குழாயை எஞ்சினின் சூட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். கூலரில் காற்று படாதபடி முன்னால் ஒரு ரப்பர் தாளைச் செருகினேன். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவன் மெதுவாகப் போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். இத்தனை நாள் எனக்கே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் ஓட்டிப் பார்த்தேன், வித்தியாசமே தெரியவில்லை. அதனால் உச்சி வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு கெடார் சாலைக்கே ஓட்டிப் போனேன். முகையூரில் இருக்கும் அவனுடைய அம்மாவைப் பார்க்க அவன் அந்த வழியாகத்தான் போவான். இருவழிச் சாலை. கரும்பு லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் ஏறி அழுத்தினேன். வண்டி கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு மூச்சு வாங்கியது. சூடு கூடினால் எஞ்சினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே டீசலைக் குறைத்துவிடும். எதிரே ஒரு பஸ். எனக்குத் தெரிந்திருந்ததால் உடனே பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் வந்துவிட்டேன். தெரியாதவன் இன்னும் அழுத்தியிருப்பான்.

திரும்பி வந்து, வண்டி ரெடி என்று அவனுக்குப் போன் செய்தேன்.

அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வர ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்புவதாக இருந்தார்கள், இரண்டு பேரும். எனக்குக் காய்ச்சல் என்று மெர்லினிடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நீங்க மட்டும் போய்ட்டு வாங்க, நான் அண்ணனுக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கறேன்,” என்று அவனிடம் சொல்லிவிட்டாள். காய்ச்சல் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஊரை விட்டுப் போகப்போகிறோமே என்று இருந்திருப்பாள்.

விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவன் போன் செய்தான்.

“மச்சான், வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க. என்னான்னு தெரியல.”

சாதாரணமாகத்தான் கேட்டான். இதுவரை நடந்ததையெல்லாம் விட்டுவிடலாம், மேடம். அந்த நிமிஷத்தை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து பாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ரப்பர் தாளை அவனே உருவிப் போட்டிருப்பான்.

“ஏசி போட்டிருப்பீங்க மாப்ள. இந்த வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் பேஜாரு இல்ல. நல்லா அழுத்தி ஓட்டுங்க, போகப் போக சரியாயிடும்,” என்றேன்.

“சரி மச்சான். உடம்பப் பாத்துக்குங்க.”

மெர்லின் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். “யாரு அண்ணா போன்ல?”

“கஸ்டமர்.”

“ஞாயித்துக்கிழம கூட வுட மாட்டாங்களா?” என்று சொல்லிக்கொண்டே சூடு ஆறுவதற்காகக் கிண்ணத்தை ஊதினாள். நான் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். ஒரு லாரியைத் தாண்டப் போனவன் எதிரே வந்த பால் வேனில் மோதிவிட்டான். வேனை ஓட்டிவந்த தமிழ்மணிக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் எதிரே வந்துதான் ஆகவேண்டும், ஆனாலும் நினைத்துப் பார்க்கவில்லை. நசுங்கிய காரை ஸ்டேஷனுக்கு இழுத்துவரச் சொல்லி, வீட்டு ஆள், மெக்கானிக்கும்கூட என்று உங்கள் ஆட்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வழியில் நிறுத்தி ரப்பர் தாளை எடுத்துவிட்டேன்; குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியாத அளவுக்கு நசுங்கியிருந்தது. மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்து பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், குறை ஏதும் இல்லை என்று எழுதினார். காற்றை யாரும் பரிசோதிப்பதில்லை.

கல்லறையில் மெர்லின் என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். இனிமேல் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். ஆனால் அவள் மாமியார் ராஜாமணியோடு முகையூருக்குப் போய்விட்டாள். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். கடைசித் தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“நீ வராத அண்ணா. உன்னப் பாத்தா, நான் மட்டும் அன்னிக்கு அவரு கூடப் போயிருந்தா, மெதுவாப் போங்கன்னு சொல்லியிருப்பேனேன்னு தோணுது. என்னால முடியல. நீ நல்லாரு. ஆனா வராத.”

கதவைச் சாத்திக்கொண்டாள். அவளாகவே பழியை ஏற்றுக்கொண்டு கிடக்கிறாள். அதைத் தாங்க முடியாமல்தான் வந்திருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதி உண்மை.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த வக்கீல் ஒருவரிடம் பொதுவாகக் கேட்டேன். கொலைக் கேஸ் என்றால் வீட்டில் இருந்தவர்தான் முக்கிய சாட்சி என்றார். சாட்சி வராமல் இருக்க முடியாதாம். விழுப்புரம் கோர்ட்டில் என் எதிரே நின்று, கஞ்சி வைத்ததையும் போன் வந்ததையும் மெர்லின் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். இவர்தானா என்று கேட்டால் என்னைப் பார்த்துத்தான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் முடியாது, திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றார்.

கேஸ் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது, மேடம். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.